விற்றுப்போன கம்பெனியின் வாரண்டி யார் தலையில்?

கேள்வி: கோவையில் ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். குடும்பத்துக்கு இதுதான் வருமானம். மூன்று வருட வாரண்டியோடு வாங்கிய பிரேக்கர் (மின்சுமை அளவு மீறினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்), போன மாதம் ஓவர்லோடில் டிரிப் ஆகாமல் மோட்டார் எரிந்துவிட்டது. வாங்கிய பிறகு பிராண்டு கைமாறிவிட்டதாம். "தொழிலை விற்றுவிட்டோம்" என்கிறது பழைய கம்பெனி. "நாங்கள் செய்த சரக்கு இல்லை" என்கிறது புதியது. யாரைக் கேட்பது?

பதில்: பெட்டியில் உள்ள பிராண்டை விடுங்கள். லேபிளில் தயாரிப்பாளர் என்று எந்தக் கம்பெனியின் முழுப்பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மின்சாதனத் துறையில் பிராண்டும் கம்பெனியும் ஆளுக்கொரு பக்கம் போவது சகஜம். கிராம்ப்டன் கிரீவ்ஸ் 2015-16-ல் இரண்டாகப் பிரிந்தது. ஃபேனும் வீட்டு பம்பும் ஒரு கம்பெனிக்கு, டிரான்ஸ்ஃபார்மரும் தொழிற்சாலை மோட்டாரும் இன்னொன்றுக்கு. இந்த இரண்டாவது, 2020-ல் சென்னை முருகப்பா குழுமத்திடம் வந்தது. அதே ஆண்டு எல் அண்டு டி-யின் சுவிட்ச்கியர் (பிரேக்கர், சுவிட்ச் போன்ற சாதனங்கள்) தொழில் ஷ்னைடருக்குப் போய், இப்போது லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் நடக்கிறது.

அப்புறம், எப்படிக் கைமாறியது என்று விசாரியுங்கள். பங்குகள் மட்டும் விற்கப்பட்டிருந்தால் கம்பெனி அதேதான், பொறுப்பும் அங்கேயே. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 232-ன்படி கம்பெனி சட்டத் தீர்ப்பாய உத்தரவோடு இரண்டு கம்பெனிகளும் இணைந்திருந்தால், பழையதன் கடன்களும் பொறுப்புகளும் புதியதோடு சேர்ந்துவிடும். உங்கள் விஷயம் மூன்றாவது ரகம்போலத் தெரிகிறது: தொழிலை மட்டும் ஒப்பந்தம் போட்டு விற்பது. வாரண்டி யாருக்கு என்று அவர்களுக்குள் எழுதியிருப்பார்கள். எழுதட்டும், அதில் உங்கள் கையெழுத்து இல்லையே! வாரண்டி கொடுத்தவர், உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நழுவ முடியாது.

அதனால் டீலர், பழைய கம்பெனி, புதிய கம்பெனி மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்று நிச்சயம் வாதிடுவார்கள். சுயதொழிலால் பிழைப்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விலக்கு தருகிறது. பட்டறை பதிவுச் சான்று, வருமானக் கணக்கு எடுத்து வையுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம்தான் கெடு.

ஒன்று முக்கியம். பழுதான பிரேக்கரை "செக் பண்ணித் தருகிறேன்" என்று டீலர் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லும். அப்போது அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.