பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டு வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வாங்கினேன். ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கும் என்றார் கடைக்காரர். குழந்தைகள் படம், பெற்றோரின் கல்யாண ஆல்பம் எல்லாம் ஏற்றிவிட்டேன். இனி போனில் இருப்பதை அழிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் சொன்னது ரெய்டு 1 முறை, அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே நகல். ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும், அவ்வளவுதான். கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே போய்விடும். (ஃபைல்களின் முந்தைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள், அழித்ததை மீட்கலாம்.) சித்திரை வைகாசியில் மலைப்பக்கமிருந்து இடியோடு மழை வரும்போது மின்சாரம் எகிறினால் பெட்டியே போகலாம். யுபிஎஸ் இருந்தாலும் அப்போது பெட்டியை முறைப்படி அணைத்து, பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

அதனால் மூன்றாவதாக ஒரு யூஎஸ்பி டிஸ்க் கட்டாயம் வேண்டும். மாதம் ஒருமுறை பெட்டியில் செருகி நகல் எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேயே வைக்கலாம். ஆனால் அங்கே பனிமூட்டமும் ஈரமும் அதிகம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நாஸின் பேக்கப் மென்பொருள்கள் சில, படங்களைத் தனக்கே உரிய வடிவத்தில் கட்டிவைக்கும். அந்த டிஸ்கை லேப்டாப்பில் செருகினால் ஒரு படமும் திறக்காது. சாதாரண ஃபோல்டராகவே நகலெடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க், விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாதபோதும் வீட்டில் யாராலும் திறக்க முடியவேண்டும். நகல் எடுத்ததும் பழைய வருடப் படங்கள் சிலவற்றை லேப்டாப்பில் திறந்து பாருங்கள்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து பெட்டிக்குள் வரும் வழி) திறக்காதீர்கள். 2021 ஜூனில் இணையத்தோடு இணைந்திருந்த டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனத்தின் மை புக் லைவ் டிஸ்குகள் உலகெங்கும் ஹேக்கர்களின் கைவரிசையால் ரீசெட் ஆகி, பலருடைய படங்கள் போயின. 2015க்குப் பிறகு அப்டேட்டே வராத சாதனம் அது. உங்கள் பெட்டியின் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு போனை காலி செய்யலாம். அதற்கு முன் நாஸ் ஆப்பின் செட்டிங்கைப் பாருங்கள்: 'பேக்கப்' என்றிருந்தால் சரி. இருவழி 'சிங்க்' என்றிருந்தால் போனில் அழிப்பது நாஸிலும் அழிந்துவிடும்.