மேல்விளைச் சாணமும் கிணற்றுத் தண்ணீரும்
குலசேகரம் நண்பரே, மேல்விளையில் (மேட்டுப் பக்கத் தோட்டத்தில்) வாழைக்குப் பச்சைச் சாணம் போட்டதிலிருந்து மழைக்கு மழை கிணறு கலங்கி, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருகிறது என்கிறீர்கள். தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று குடிக்காதீர்கள், சாணத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற குடல் கிருமி கண்ணுக்குத் தெரியாது. குடிதண்ணீர் 100 மில்லியில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி. இப்போதைக்குக் கொதிக்க வைத்தே குடியுங்கள். தெளிந்ததும் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள் (கலங்கலில் போட்டால் வீண்). ஆனால் சாணத் தண்ணீர் கிணற்றுக்குள் வருவதை அடைக்காமல் இதெல்லாம் ஒட்டுவேலைதான், கிணற்றுச் சுவரை உயர்த்தி, மேல் பக்கம் ஓடை வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். அப்புறம் விளைக்காரரிடம் சண்டை வேண்டாம். இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் பச்சையாகப் போடாமல் மக்க வைத்துப் போடச் சொல்லுங்கள், குவியல் நன்றாகச் சூடேறினால் கிருமி பெரும்பாலும் செத்துவிடும், அவர் உரமும் மழையோடு போகாது.