ஆடும் இறக்கையின் மீது காற்று: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் ஊர்க் காற்றாலைகளின் இறக்கைகள் நுனியில் வளைந்து ஆடுவதைப் பார்க்கிறேன். விமான இறக்கை இப்படி ஆடும்போது, ஒவ்வொரு கோணத்துக்கும் அசையாத இறக்கைக்குரிய கணக்கைப் போட்டு வரிசையாக அடுக்கினால் போதாதா?
– ஒரு வாசகி, பணகுடி

பதில்: மிக மெதுவாக ஆடும் இறக்கைக்குப் போதும், மற்றதற்குப் போதாது. கோணம் மாறும்போதெல்லாம் பின்விளிம்பிலிருந்து சுழல்கள் கழன்று செல்கின்றன. அவை தொலைவுக்குப் போகும்வரை இறக்கையின் தூக்குவிசையை மாற்றிக்கொண்டே இருப்பதால், முந்தைய அசைவுகளையும் கணக்கில் கொண்டாக வேண்டும். சிறிய அசைவுகளுக்கு இதைச் சூத்திரமாகவே 1935-இல் காற்றியக்கவியல் அறிஞர் தியோடோர் தியோடர்சன் வகுத்துவிட்டார். எப்போது இது முக்கியமாகிறது என்பதை ஓர் எண் காட்டும்: கோண அதிர்வெண்ணை (நொடிக்கு ஆடும் முறைகளை 2π-ஆல் பெருக்கியது), முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரையுள்ள நீளத்தின் பாதியால் பெருக்கி, காற்றின் வேகத்தால் வகுக்க வேண்டும். அந்நீளம் 2 மீட்டராக உள்ள இறக்கை, நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் நொடிக்கு 5 முறை ஆடினால் விடை சுமார் 0.31. பொதுவாக 0.05-ஐத் தாண்டினாலே அசையாத இறக்கையின் கணக்கு பொருந்தாது.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் அதிர்ச்சி அலை (காற்றழுத்தம் சட்டென உயரும் மெல்லிய எல்லை) முன்னும் பின்னும் நகர்கிறது. கோணம் பெரிதானால் முன்விளிம்பில் பெருஞ்சுழல் எழுந்து தூக்குவிசையை வழக்கமான எல்லைக்கு மேல் ஏற்றிவிட்டுத் திடீரென வீழ்த்துகிறது. இங்கெல்லாம் தியோடர்சனின் சூத்திரம் உதவாது. வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்றோட்டத்தின் சமன்பாடுகளைக் காலப்படி ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும். இறக்கையோடு அந்தக் கட்டங்களும் நகர்ந்து, நீண்டு, சுருங்கும். ஒரு கட்டத்தின் கன அளவில் ஏற்படும் மாற்றமும், அதன் முகங்கள் நகர்ந்து கடந்த கன அளவும் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால், இல்லாத காற்றைக் கணினியே உண்டாக்கிவிடும். இதைத் தடுக்கும் விதியைத் தாமஸ், லம்பார்ட் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் எடுத்துரைத்தனர். சோதிப்பது எளிது: இறக்கையை எடுத்துவிட்டுச் சீரான காற்றோட்டத்தில் கட்டங்களை மட்டும் ஆட்டினால், அழுத்தம் எங்கும் மாறக் கூடாது. இச்சோதனையில் தேறாத நிரல் தரும் வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதை நம்புவதில்லை.

காற்றாலை இறக்கைக்கும் இதே இயற்பியல்தான். ஒவ்வொரு சுற்றிலும் அது கோபுரத்தைக் கடக்கும்போது காற்றின் வேகம் மாறி, விசையும் மாறுகிறது.

கேள்வி: இதை வீட்டுக் கணினியில் செய்து பார்க்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: இரு பரிமாணத்தில் தாராளமாக முடியும். எஸ்.யூ.2 என்னும் இலவச நிரல் போதும். நாகா 0012 என்னும் இறக்கைக் குறுக்குவெட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மாக் எண் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) 0.755, சராசரிக் கோணம் 0.016 பாகை, வீச்சு 2.51 பாகை, முந்தைய பதிலில் அதிர்வெண்ணிலிருந்து கணக்கிட்ட எண் 0.0814. இதற்குக் காற்றுச்சுரங்க அளவீடுகள் வெளியாகியிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒன்றாகும்வரை காத்திருந்து, அதன்பின் கோணத்துக்கு எதிராகத் தூக்குவிசையை வரையுங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக மூடிய கண்ணி போன்ற வளைகோடு கிடைக்கும். பிறகு காலப்படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள்; வளைகோடு இடம் மாறினால் முதலில் எடுத்த படி பெரிது என்று பொருள்.