தரம் 5 பிள்ளைகள் 35 பேர். மட்டக்களப்புக் கோட்டையும் வாவியும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட வேண்டும். எப்படிச் செய்வது?

இரண்டையும் காலையிலேயே முடியுங்கள், 10 மணிக்குப் பிறகு வெயிலில் எந்தப் பிள்ளையும் கேட்காது. வாவியை முதலில் வையுங்கள்.

கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரங்கள்) கரையில் ஐந்து பேருக்கு ஒரு கைவில்லை (உருப்பெருக்கும் கண்ணாடி), ஒரு அடிமட்டம் போதும். முட்டுக்கால் போல வேர் ஊன்றி நிற்கும் மரத்தையும், சேற்றிலிருந்து மூச்சுவேர் நீட்டும் மரத்தையும் அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். மூச்சுவேர் மரத்தின் இலையைத் திருப்பி வில்லையால் பார்த்தால் உப்புப் படிகம் மின்னும். மழை பெய்த மறுநாள் போனால் அது கழுவப்பட்டிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அதனால் மார்கழி, தை மழையில் போகவே வேண்டாம். முட்டுக்கால் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்துத் தொங்கும். கீழே விழுந்ததை மட்டும் எடுத்து நீளம் அளக்கச் சொல்லுங்கள். மூச்சுவேரை மிதிக்க விடாதீர்கள், வேருக்குக் காற்றுப் போகும் வழியே அதுதான்.

கோட்டைக்கு முன் அனுமதி எடுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டுகளை அடுக்கினால் எதுவும் நிற்காது. "இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் ஏன் அகழி வெட்டினார்கள்?" என்று கேட்டு, கொத்தளத்தில் (கோட்டை மூலையில் துருத்தி நிற்கும் மேடை) நின்று வரைபடம் கீறச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்கு அரை மணித்தியாலம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், நீர்க்கரையில் இன்னும் ஒருவர் கூடுதலாக.