ஒரே படத்தில் பல வரைபடங்கள்: எந்த வழி?

கேள்வி: பைத்தானின் வரைபட நூலகமான மாட்ப்ளாட்லிப்பில் மேலே அகலமாக மழை வரைபடம், கீழே சிறியதாக வெப்பநிலை, காற்று என இரண்டு வேண்டும். சப்ப்ளாட், சப்ப்ளாட்ஸ், கிரிட்ஸ்பெக், மொசைக் இவற்றில் எதை எடுப்பது?

பதில்: சப்ப்ளாட்_மொசைக். 2020-இல் வந்த 3.3 பதிப்பு முதல் இருக்கிறது. [["மழை", "மழை"], ["வெப்பம்", "காற்று"]] என்று கொடுத்தால் ஒரே பெயருள்ள கட்டங்கள் சேர்ந்து ஒரே வரைபடமாகும். திரும்பி வரும் தொகுப்பை ஆக்சஸ் என்ற மாறியில் வைத்தால், ஆக்சஸ்["மழை"] என்று பெயர் சொல்லியே எடுக்கலாம். படத்தின் அமைப்பு நிரலிலேயே கண்ணுக்குத் தெரிவதுதான் இதன் பெரிய நன்மை. சேரும் கட்டங்கள் செவ்வகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை வரும். "கக;சட" என்ற சுருக்க வடிவில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒரு கட்டம்; 'கா' என்று எழுதினால் துணைக்கால் தனிக் கட்டமாகிவிடும். மழை வரைபடம் இரு மடங்கு உயரமாக வேண்டுமா? ஹைட்_ரேஷியோஸ்=[2, 1] கொடுங்கள் (3.6 முதல்).

எல்லாக் கட்டமும் ஒரே அளவென்றால் சப்ப்ளாட்ஸ் போதும். கட்டங்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் நிரலே கணக்கிடும் இடத்தில் கிரிட்ஸ்பெக் கைகொடுக்கும். சப்ப்ளாட்(2, 3, 1) முறையைப் புதிய நிரலில் தவிருங்கள்: ஒவ்வொரு அழைப்பும் நடப்பு வரைபடத்தை மாற்றிவிடுவதால், தலைப்பு வேறு கட்டத்தில் போய் விழும்.

கேள்வி: சப்ப்ளாட்ஸ்(2, 3)-க்கு ஓடும் நிரல், (1, 3) என்றதும் ஆக்சஸ்[0, 0] வரியில் நின்றுவிடுகிறதே?

பதில்: ஒரு வரிசையோ ஒரு நெடுவரிசையோ மட்டும் இருந்தால், இருபரிமாண அணிக்குப் பதில் ஒருபரிமாண அணிதான் திரும்பி வரும். (1, 1) என்றால் அணியே இல்லை, ஒற்றை வரைபடம்தான். ஸ்க்வீஸ்=ஃபால்ஸ் கொடுத்தால் எப்போதும் இருபரிமாணம்.

கேள்வி: தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, வண்ணப்பட்டை வைத்த வரைபடம் மட்டும் சுருங்குகிறது.

பதில்: படத்தின் இயல்பு அளவு 6.4 × 4.8 அங்குலம், (2, 3) என ஆறு வரைபடங்களுக்கு அது போதாது. ஃபிக்சைஸ்=(10, 6) வைத்து, இடைவெளியைத் தானே சரிசெய்யும் லேஅவுட்="கன்ஸ்ட்ரெயின்ட்" என்பதைப் படத்தை உருவாக்கும்போதே சேருங்கள். வண்ணப்பட்டை (கலர்பார்) தன் இடத்தை, ஏஎக்ஸ் என்ற அளபுருவில் குறிப்பிட்ட வரைபடத்திலிருந்தே எடுக்கும். ஏஎக்ஸ்=ஆக்சஸ் என்று எல்லா வரைபடங்களையும் கொடுத்தால் சுருக்கம் சமமாகப் பகிரப்படும். ஆனால் ஒரே பட்டை எல்லாவற்றுக்கும் பொருந்த, விமின், விமாக்ஸ் (வண்ண அளவின் கீழ், மேல் மதிப்பு) எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கும்போது, இடைவெளியைக் கையால் மாற்றும் சப்ப்ளாட்ஸ்_அட்ஜஸ்ட் போடாதீர்கள். எச்சரிக்கை வரும், இடைவெளி மாறாது.