வீட்டு வாடகையை அரசு தருமா?

கேள்வி: கணவருக்கு சிப்காட் கம்பெனியில் 14,000 சம்பளம், எனக்குத் தையல் யூனிட்டில் 9,000. வாடகையே 6,500 போய்விடுகிறது. மாத வாடகையை அரசே தரும் திட்டத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மாதாமாதம் வாடகைப் பணத்தை உங்கள் கணக்கில் போடும் பொதுத் திட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டம் 2.0-இல் வாடகைக் குடியிருப்புக்கென ஒரு பிரிவு இருக்கிறது. அதிலும் உதவி குடியிருப்பை உருவாக்கத்தான் போகிறது, குடியிருப்பவர் கைக்கு வராது.

உங்களுக்குப் பொருந்துவது வேறு. இருவர் சம்பளமும் சேர்ந்து 23,000, ஆண்டுக்கு 2,76,000. 3 லட்சத்துக்குள் இருப்பதால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) அடுக்குமாடி வீடு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டில் எங்கும் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால் இந்தக் கதவு அடைபட்டு, வீட்டுக்கடன் வட்டி மானியம் மட்டுமே மிஞ்சும். அது அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக.

விண்ணப்பம் பெரும்பாலும் சறுக்குவது வருமானச் சான்றில்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி 'ரெவ் 103' என்று கேட்டு வாங்குவது அது. கணவர் சம்பளத்தை மட்டும் போட்டு 1,68,000 என்று எழுதிவிடுகிறார்கள். விசாரணைக்கு வருபவர் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால் மனு அங்கேயே நிற்கும். உண்மைத் தொகையைச் சொன்னாலே தகுதி இருக்கும்போது ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்தது ரேஷன் கார்டு. இத்திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். உங்கள் பெயர் இன்னும் மாமனார் கார்டில் இருந்து, அவர் ஊரில் தொகுப்பு வீடு வாங்கியிருந்தால் தேவையில்லாத கேள்வி எழும். முதலில் பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்குங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வீடு ஒதுக்கீடானால் பயனாளி பங்குத் தொகையை வாரியக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ரொக்கமாக யாரிடமும் வேண்டாம்.

கேள்வி: காலி செய்து இரண்டு மாதம் ஆகியும் அட்வான்ஸ் 50,000 வரவில்லை. அக்ரிமெண்ட் எழுதவில்லை.
– வாசகர், தருமபுரி நகர்

பதில்: 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, நியாயமான பிடித்தம் போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆனால் எழுத்து இல்லாதது உங்கள் பலவீனம். அட்வான்ஸ் அனுப்பிய வங்கி அல்லது ஜிபே பதிவு, சாவி கொடுத்த தேதி, கடைசி கரண்ட் பில் ரசீது மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் கேளுங்கள்.

புது வீட்டில் 11 மாத அக்ரிமெண்ட் என்றாலும் வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். அட்வான்ஸ், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் பிறகு வாதாட முடியாது. இச்சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்கு மட்டுமே. கிராம ஊராட்சிக்குச் செல்லாது.

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமத்தில் சொந்த மனையில் குடிசை. உதவி உண்டா?

பதில்: உண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் வரை. வீடு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. மனைப் பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.