பட்டாளத்தில் குதிகால் உடைந்த என் மாமனாருக்கு மெடிக்கல் போர்டு 20% ஊனம் என்று எழுதியும் டிஸபிலிட்டி பென்ஷன் மறுத்துவிட்டார்கள். இனிக் கிடைக்குமா?

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்குதுங்க. பயிற்சியில சுவரேறிக் குதிச்சப்ப குதிகால் எலும்பு உடைஞ்சிருக்குது. 2012-ல சர்வீஸ் முடிஞ்சு தாராபுரம் திரும்பறப்ப போர்டு 20% போட்டிருக்குது. ஆனா "பணியால் வந்ததல்ல"ன்னு ஒரே வரியில தள்ளிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. நானும் பட்டாளத்துல கிளார்க்கா இருந்தவன். கோபி, பவானி பக்கத்து ஆளுங்களுக்கு இந்த மனுக்களை எழுதிக் குடுத்துட்டிருக்கேன்.

வர்றவங்க எல்லாரும் சதவீதத்தைப் பத்தியேதான் கேக்கறாங்க. 20 இருந்தாப் போதும். 50-க்குக் கீழ இருக்கறதை 50-ன்னு வெச்சுக் கணக்குப் போடற முறை இருக்குது. சர்வீஸை முழுசா முடிச்சு வந்தவங்களுக்கும் அது உண்டுன்னு ராம் அவதார் வழக்குல 2014 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. 100%-க்குக் கடைசிச் சம்பளத்துல 30%, அப்ப 50-க்கு 15%. சர்வீஸ் பென்ஷனுக்கு மேல இது தனி.

உங்க சிக்கல் அந்த "பணியால்"ங்கற இடத்துலதான். அடிபட்டப்ப யூனிட்டுல போட்ட இஞ்சுரி ரிப்போர்ட்டை மொதல்ல தேடுங்க. டியூட்டியில இருந்தார்னு கமாண்டிங் ஆபீசர் அதுல எழுதியிருந்தா உங்க பக்கம் ரொம்ப பலம். வீட்டுல இல்லீன்னா ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி நகல் கேளுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நம்ம நீலகிரி வெலிங்டன்லயே இருக்குது. காரணம் சொல்லாம போர்டு மறுக்கக் கூடாதுன்னு 2013-ல தரம்வீர் சிங் வழக்குத் தீர்ப்பு இருக்குது. அதையும் மனுவுல சேருங்க.

மேல்முறையீட்டுல மறுபடி போர்டுக்குக் கூப்பிட்டாங்கன்னா மாமனார்கிட்ட இதைக் கண்டிப்பாச் சொல்லி அனுப்புங்க. நம்ம ஊர் ஆளுங்க டாக்டர் கேட்டதும் "நல்லா இருக்கேனுங்க சார்"னு சொல்லிட்டு வந்துருவாங்க. காலைக் காட்டிக் காசு கேக்கற மாதிரி கூச்சம். எனக்கு மனசு ரொம்ப வேதனையாப் போற இடம் இதுதான். நாட்டுக்காக உடைஞ்ச காலுங்க அது! குதிகால் எலும்பு உடைஞ்சு கூடினாலும் அதுக்கு மேல இருக்கற மூட்டு வருஷம் போகப்போகத் தேயும். தார் ரோட்டுல நடந்துருவாரு. உழுத காட்டுலயும் வரப்புலயும் பாதம் பக்கவாட்டுல திரும்பாது, வலி அங்கதான் தெரியும். எவ்வளவு தூரம் நடக்கறாரு, ராத்திரி வீங்குதா, மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போக முடியுதா, எல்லாத்தையும் வாய் திறந்து சொல்லணும். புது எக்ஸ்ரேயும் கையில இருக்கட்டும். சதவீதத்தைக் கூட்டச் சொல்லி நீங்களா இப்ப கேக்காதீங்க. 50-ஐத் தொட்டாத்தான் அடுத்த படி 75.

முதல் மேல்முறையீடு, அப்பறம் ரெண்டாவது, அதுலயும் இல்லீன்னா சென்னையில இருக்கற ஆயுதப்படைத் தீர்ப்பாயம். லேட்டாப் போனா நிலுவையை மூணு வருஷத்துக்கு மட்டும்னு பல வழக்குகள்ல சுருக்கியிருக்காங்க. அதனால டிஸ்சார்ஜ் புக், போர்டு அறிக்கை, மறுப்புக் கடிதம் மூணையும் நகல் எடுத்து இந்த வாரமே கோயம்புத்தூர்லயோ உங்க மாவட்டத்துலயோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கொண்டு போங்க.